கொப்பிக்கு ஊதிய சங்கு

காணும் பொங்கலன்று காலையில் அணைப் பணியாளர் சேவுகன் மூன்றாம் ஷட்டரின் திருகுத்தண்டுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அணைக்குக் கீழே ஆற்று மணலில் அதற்குள்ளாகவே கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.

மேலக்கரைப்பட்டி அணை தொலைவிலிருந்து பார்ப்பதற்கு அழகானது. வெள்ளாற்றின் குறுக்கே கருங்கல் தூண்கள், அவற்றுக்கு நடுவே இரும்பு ஷட்டர்கள், மேலே ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தக்க பாலம். அருகில் செல்பவருக்குத்தான் அதன் வயது தெரியும். தூண்களின் அடியில் காரை உதிர்ந்திருந்தது. ஷட்டர்களின் விளிம்பில் துரு ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் ஷட்டர் ஏற்றினாலும் பாதியில் நிற்கும். இறக்கினாலும் பாதியில் நிற்கும். அதைப் பழுது பார்ப்பதற்காக ஆண்டுதோறும் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பார்ப்பது மட்டும் தவறாமல் நடந்தது.

அணையின் கீழே முழங்கால் அளவுத் தண்ணீரும் வழவழப்பான பாறைகளும் நல்ல மணலும் இருந்தன. அறந்தாங்கியிலிருந்துகூடக் குடும்பத்தோடு வந்து குளிப்பார்கள். விடுமுறை நாள்களில் ஐஸ்கிரீம் வண்டி வரும், பஞ்சுமிட்டாய் வரும். 'இங்குக் குளிப்பது ஆபத்தானது' என்றொரு பலகையும் உண்டு. அன்று அதன்மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

பாலத்தின் ஓரத்தில், கட்டுப்பாட்டு அறையின் கூரைமேல், ஒரு சங்கு இருந்தது. மின்சாரத்தில் ஒலிக்கும் அபாயச் சங்கு. ஷட்டரைத் திறக்கும் முன் அதை ஊத வேண்டும். கீழே இருப்பவர்கள் கரையேற வேண்டும். அவர்கள் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்பே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். முறை மிகவும் எளிமையானது. அதைக் காப்பாற்ற வேண்டிய சேவுகனோ அதைவிட எளிமையானவர். அவருக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. இது ஒரு குறை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. தங்கமான மனிதர் என்றே சொல்லிவந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரிய அதிகாரி ஒருவர் அணையைப் பார்வையிட வந்தார். அவருடைய வண்டி ஊர் எல்லையைத் தொட்டதும், சங்கு வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக ஊதச் சொன்னார்கள். சேவுகன் ஊதினார். அதிகாரி மகிழ்ந்து, இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றார். இன்னொரு முறையும் ஊதப்பட்டது. அன்று மாலையே ஊர்ப் பெரியவர்கள் பாலத்துக்கு வந்துவிட்டார்கள்.

"வந்துட்டுப் போற மனுசனுக்கு ரெண்டு தடவ ஊதுன. இங்கனயே இருக்குற நம்ம அம்மனுக்கு ஊத மாட்டியா?"

சேவுகன் தலையாட்டினார். அம்மன் தேருக்கு ஊதினார். பிறகு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது ஊதினார். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய தங்கமுத்துவின் திருமணத்தன்று, மாப்பிள்ளை அழைப்புக்கும் ஊதினார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். வீட்டில் துண்டுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று.

கடைசியாகச் சேர்ந்தது கொப்பி. மார்கழி முழுவதும் பெண்பிள்ளைகள் வாசல் கோலத்தில் சாணப் பிள்ளையாரும் பூசணிப்பூவும் வைப்பார்கள் அல்லவா? அந்தச் சாணத்தை வறட்டியாக்கி, பூச்சூட்டித் தட்டில் அடுக்கினால் அதுதான் கொப்பி. காணும் பொங்கலன்று அதை ஆற்றுக்கு எடுத்துச்சென்று, கும்மி கொட்டி, தண்ணீரில் கரைப்பார்கள். முதலில், வரிசையின் முன்னால் செல்லும் பெண் ஏந்தும் தலைத்தட்டு கரைய வேண்டும் என்பது மேலக்கரைப்பட்டியின் முறை. தலைத்தட்டு கரையாமல் வேறு தட்டு கரையக் கூடாது. தலைத்தட்டை விட்டுவிட்டு ஒரு பெண்ணும் வீடு திரும்பக் கூடாது. அந்தத் தட்டு ஆற்றில் இறங்கும் நேரத்தில் சங்கு ஊதினால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு பொங்கலின்போது வார்டு உறுப்பினர் ரஞ்சிதா கேட்டாள். சேவுகன் ஊதினார். அதன் பிறகு சங்கு ஊதினால்தான் தட்டு இறங்கும் என்று வழக்கம் மாறிவிட்டது. சங்கு ஒலித்தவுடன் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடப்பார்கள்.

இந்த ஆண்டு தலைத்தட்டு சேவுகனின் மகள் இளமதிக்கு வந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள். விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, தட்டில் ஆவாரம்பூவை மூன்று முறை மாற்றி மாற்றி அடுக்கியிருந்தாள்.

"அப்பா, நாங்க ஆத்துக்கு வந்து கும்மி முடிச்சதும் ரஞ்சிதா அத்தை போன் அடிக்கும். ஒடனே ஊதிரணும். போன வருசம் மாதிரி டீ குடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

"ஒனக்கு ஊதாம யாருக்குத்தான் ஊதப்போறேன்?" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பணிக்கு வந்திருந்தார்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மழை பெய்ததெல்லாம் மேற்கே, மணப்பாறைக்கு அப்பால். பருவம் தப்பிய மழை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்திருந்தது. இங்கே வெயில் அடிக்கும்போது அங்கே பெய்த மழையைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. ஆறு மட்டும் மறக்காது.

கீழே கும்மிச் சத்தம் கேட்கத் தொடங்கிய நேரத்தில், உடன் வேலை பார்க்கும் திருப்பதி அளவுகோல் தூணிலிருந்து ஓடிவந்தான்.

"அண்ணே, தண்ணி ஏறுது. கலங்கலா வருது. நொர தெரியுது பாருங்க, செடி கொடியெல்லாம் அடிச்சுக்கிட்டு வருது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி ஒலித்தது. பொறியாளர் சந்திரசேகர் பேசினார்.

"சேவுகன், மேல எல்லாக் காட்டாறும் வந்து சேருது. ஷட்டர் தலைக்கு மேல தண்ணி போக விட்றாதீங்க. நம்ம தூணோட லட்சணம் ஒங்களுக்கே தெரியும். சங்கு ஊதிட்டு எல்லாத்தையும் தொறங்க."

சேவுகன் பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடியே செய்தார். அறைக்குள் சென்றார், பொத்தானை அழுத்தினார், சங்கு மூன்று முறை நீளமாக ஊதியது. பிறகு முறைப்படி வெளியே வந்து கீழே பார்த்தார்.

கும்மி நின்றிருந்தது. ஒரு கணம் எல்லாத் தலைகளும் அணையை நோக்கித் திரும்பின. அடுத்த கணம் மணல்வெளியெங்கும் குலவை எழுந்தது. இளமதி தட்டைத் தலைக்கு உயர்த்திக்கொண்டு ஆற்றுக்குள் காலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்பிள்ளைகள் அனைவரும் வரிசையாக இறங்கினார்கள். குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு, நல்ல படம் கிடைப்பதற்காக, அவர்களைவிட ஆழத்துக்குப் போய் நின்றார்கள்.

சேவுகன் பாலத்தின் விளிம்புக்கு ஓடினார்.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினார். குலவைக்கு நடுவே அது யாருக்கும் கேட்கவில்லை. இளமதி மட்டும் அப்பா கையசைப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணே, மறுபடி ஊதவா?" என்றான் திருப்பதி.

"ஊதாத! ஊதுனா இன்னும் உள்ள போவாங்கடா."

தொலைபேசி மீண்டும் ஒலித்தது. "சேவுகன், தொறந்துட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்? சங்கு ஊதலையா?"

"ஊதிட்டேன் சார். அதனாலதான் தொறக்க முடியல."

சந்திரசேகரும் அம்மன் தேரைப் பார்க்க வந்தவர்தான்; அன்று சங்கொலியைக் கேட்டு, "அருமை" என்று கைதட்டியவர்தான்.

"இன்னைக்குக் கொப்பியா?" என்றார் மெல்ல.

"ஆமா சார். என் மகதான் முன்னால நிக்கிறா."

"போங்க. நீங்களே போயி ஏத்துங்க. நான் போலீசுக்குச் சொல்றேன், அவங்க வந்து சேரவே நேரமாகும். தூணு தாங்குற வரைக்கும் தாங்கட்டும்."

சேவுகன் திருப்பதியிடம் திரும்பினார். "சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நான் கரை மேல நின்னு துண்ட வீசுனா மட்டும் சுத்து. நான் வீசலைன்னா என்ன ஆனாலும் சுத்தாத." இதைச் சொல்லிவிட்டுத் தம் பழைய மொபெட்டில் ஏறி, கரைப்பாதையில் அதை விரட்டினார்.

படித்துறையில் ரஞ்சிதா நின்றிருந்தாள். பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிச் செருகியிருந்தாள்.

"என்னண்ணே, இன்னும் நான் போனே அடிக்கல, அதுக்குள்ள ஊதிட்டீங்க? மகளுக்குன்னா அம்புட்டு அவசரமா?"

"ரஞ்சிதா, தண்ணி வருதும்மா. எல்லாரையும் ஏறச் சொல்லு."

"எங்கிட்டுத் தண்ணி வருது? வெயில் மண்டையப் பொளக்குது."

"மேக்க மழை. வெள்ளம் வருது. ஷட்டரத் தொறக்கணும்."

"இப்பத்தானே எறங்குறதுக்கு ஊதுனீங்க?"

"எறங்குறதுக்கு ஊதல, ஏறுறதுக்கு ஊதுனேன்!"

அருகிலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, "அண்ணன் பொங்கலுக்கு வெளிநாட்டுச் சரக்கு ஏதும் போட்டுருக்காரா?" என்றாள். மற்றொருத்தி, "தலைத்தட்டு கரைஞ்சதும் ஏறிருவோம்ணே, செத்த பொறுங்க" என்றாள். அவர்கள் கேலி செய்ததில் வியப்பில்லை. அவர் எதையும் தடுத்து அவர்கள் பார்த்ததே இல்லை. எப்போதும் தலையாட்டிய ஒருவர் திடீரென்று கையை நீட்டி மறித்தால், அதுவும் ஒரு வேடிக்கையாகத்தான் தோன்றும்.

மன்றாடிப் பயனில்லை என்பது சேவுகனுக்குப் புரிந்தது. செருப்போடு ஆற்றுக்குள் இறங்கினார். பெண்களை விலக்கிக்கொண்டு மகளிடம் போனார். இளமதி குனிந்து தட்டைத் தண்ணீரில் வைக்கப் போகும் நேரம். அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார்.

குலவை அறுந்தது.

"அப்பா!"

சேவுகன் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கரையை நோக்கி ஓடினார். ஆவாரம்பூக்கள் வழியெங்கும் சிந்தின. கொப்பித் தட்டை ஓர் ஆண் தொடுவதே முறையன்று. செருப்புக் காலோடு தொடுவது அதனினும் முறையன்று. கரையாத தட்டோடு கரையேறுவதோ அந்த ஊர் அதுவரை கேள்விப்படாத செயல்.

"யோவ், தட்ட வையா!"

"அடப் பாவி மனுசா, நல்ல நாளும் அதுவுமா!"

"பிடிங்கடி அவர!"

ரஞ்சிதா முன்னால் ஓடினாள். அவள் பின்னால் தாய்மார்கள் ஓடினார்கள். தட்டை விட்டுவிட்டு நிற்கக் கூடாது என்பதால் பெண்பிள்ளைகளும் அழுதுகொண்டே ஓடினார்கள். இவ்வளவு பேர் ஒருவரைத் துரத்துவதைக் கண்டதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆற்றில் நிற்க மனம் வரவில்லை. சண்டை பார்க்கும் ஆசையில் ஈர உடையோடு அவர்களும் கரையேறினார்கள். ஐஸ்கிரீம் வண்டிக்காரரும் கூட்டம் போன திசையிலேயே வண்டியைத் தள்ளினார். அபாயச் சங்கினால் முடியாததை அக்கிரமம் ஒன்று முடித்துவைத்தது.

கரையின் மேலே சாலையில் சேவுகன் நின்றார். யாரோ முதுகில் அடித்தார்கள். யாரோ சட்டையைப் பிடித்தார்கள். அவர் ஒரு கையால் தட்டைக் காத்துக்கொண்டு, தலையை நீட்டி மணலைப் பார்த்தார். பாத்திரங்கள் கிடந்தன, பாய் கிடந்தது, ஆள் ஒருவரும் இல்லை. மறு கையால் தோளிலிருந்த துண்டை உருவி அணையை நோக்கி வீசினார்.

முதல் ஷட்டர் ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது வழக்கம்போலப் பாதியில் நின்றது. பிறகு, நெடுநாளாக அது தாங்கிவந்த ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. பெருத்த ஓசையுடன் இரும்புப் பலகை சாய்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒரே சுவராக வந்து மணலின் மேல் இறங்கியது. பாய் போயிற்று. பாத்திரங்கள் போயின. இளமதி குனிந்து நின்ற இடத்தின் மேல், வேரோடு பிடுங்கப்பட்ட கருவேல மரம் ஒன்று உருண்டு சென்றது. எச்சரிக்கைப் பலகையும், அதன்மேல் காயப்போட்ட துண்டும் சேர்ந்தே போயின.

சேவுகனின் சட்டையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. தாய்மார்கள் தம் பிள்ளைகளைத் தேடித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே," என்றாள். "அப்ப நீங்க ஊதுனது..."

"தண்ணிக்குத்தாம்மா."

"எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார் சேவுகன். "தெரியவிடாம நாந்தானே பழக்குனேன்."

இளமதி அருகில் வந்து அவர் கையிலிருந்த தட்டை வாங்கினாள். அன்று கொப்பி, படித்துறையின் மேற்படிவரை ஏறியிருந்த வெள்ளத்தில், கரையில் நின்றபடியே கரைக்கப்பட்டது. யாரும் குலவையிடவில்லை.

அணையைப் பார்க்க மறுநாளே அதிகாரிகள் வந்தார்கள். இம்முறை பார்த்ததோடு போகவில்லை. மூன்றாம் ஷட்டர் இருந்த இடத்தை மணல் மூட்டைகளால் அடைத்தார்கள். புது ஷட்டர் வரும்வரை அணையில் நீரைத் தேக்குவதில்லை என்று சந்திரசேகர் உறுதியாக நின்று சொன்னார். சங்கைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது வேலை செய்யும் பொருள் என்பதால், பழுதான பொருள்களின் வரிசையில் அது வரவில்லை.

அடுத்த வாரம் குடியரசு நாள். பள்ளித் தலைமையாசிரியர் தேனப்பன் நல்லவர். ஆனால் நிகழ்ச்சி நிரலில் இருப்பது நடந்தே தீர வேண்டும் என்று கருதுபவர். கொடியின் கயிற்றைச் சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியில் அறிவித்தார்:

"இப்போது, வழக்கம்போல, நம் அணையின் சங்கு முழங்க, தேசியக் கொடி ஏற்றப்படும்."

வழக்கம் என்னவென்றால், முன்வரிசையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கும் சேவுகன் கைப்பேசியில் திருப்பதிக்கு ஓர் அழைப்புக் கொடுத்து நிறுத்துவார். அங்கே சங்கு ஒலிக்கும். எல்லாரும் காத்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்த விருந்தினரும் காத்திருந்தார். சேவுகனின் கைப்பேசி சட்டைப் பையிலேயே இருந்தது.

"சேவுகன்," என்றார் தேனப்பன், ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு. "என்னங்க, அடிங்க."

சேவுகன் எழுந்தார். ஊரே அவரைப் பார்த்தது.

"இல்லங்க சார். முடியாது."

"நாட்டுக்குச் செய்யுற மரியாதைங்க இது. இத்தனை பேருக்கு முன்னால..."

"இத்தனை பேரும் இருக்கும்போதே சொல்லிர்றேன் சார்," என்றார் சேவுகன். "அது அபாயத்துக்குன்னு வச்ச சத்தம். அத மரியாதைக்கும் சந்தோசத்துக்கும் ஊதிக்கிட்டே இருந்தா, நெசமா அபாயம் வரும்போது அது அபாயம்னு யாருக்கும் தோணாது. அன்னைக்கு எம்புள்ளைக்கே தோணல. கேட்டவங்க மனசு நோகக் கூடாதுன்னு ஊதுனேன். ஆத்துல நிக்கிறவங்க உசுர நெனைக்கல. இனிமே தண்ணி வந்தாத்தான் ஊதுவேன். சாமிக்கும் ஊத மாட்டேன், கொடிக்கும் ஊத மாட்டேன். சங்கு கேட்டா, கையில எது இருந்தாலும் போட்டுட்டுக் கரையேறுங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். தேனப்பன் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து அதில் ஒரு வரியை அடித்தார். விருந்தினரை நோக்கித் தலையசைத்தார். கொடி ஏறியது. அதில் முடிந்துவைத்திருந்த பூக்கள் சத்தமில்லாமல் உதிர்ந்தன.

பெண்கள் வரிசையிலிருந்து ரஞ்சிதாவின் குரல்தான் முதலில் கேட்டது. அருகில் இருந்தவளிடம்தான் சொன்னாள். ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது.

"அண்ணனுக்கு 'முடியாது'ன்னு சொல்ல வந்துருச்சுடி. இனிமே நம்பி ஆத்துல எறங்கலாம்."